தம்பி பேரில் ஒரு கோடவுன்

அத்தியாயம் 14

பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்த ஒரு மனிதரைப் பிடிக்க ஒரு வேன் நிறையப் போலீஸ் வந்ததை நகரம் இன்னும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. போன வாரம் வரை அதே மனிதரைப் பற்றிப் பேச ஊர் குரலைத் தாழ்த்தும். ‘மார்பிள் முதலாளி’ என்று சொன்னால் போதும், பூட்டிய அலுவலகமும் திறக்கும். சலவைக்கல்லும் டைல்ஸும் விற்றே இவ்வளவு சேர்த்தார் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். டைல்ஸ் பெட்டிகளுக்குள் போதைத் தூளும் வந்து இறங்கிய விஷயம், கோடவுனைப் போலீஸ் உடைத்த அன்றுதான் வெளியே தெரிந்தது.

ஊர் சிரித்தது. வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

கார்கள் எல்லாவற்றையும் பறிமுதல் செய்திருந்ததால் போர்ட்டிகோ வெறிச்சென்று கிடந்தது. அதன் ஓரத்தில் பாவமாக நின்றது ஒரே ஒரு சின்னக் கார். கூரையில் சிவப்பு எழுத்துப் பலகை சுமந்த பயிற்சி வண்டி. முதலாளியின் தம்பி மனைவி பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். ஊரில் அவளுக்குக் கார் டீச்சர் என்று பெயர். ‘முதலாளி வீட்டு மருமகள் டிரைவர் வேலை பார்க்கிறாள்’ என்று மாமியார் எட்டு வருடங்களாகப் புலம்பிய அந்த வண்டிதான் இப்போது குடும்பத்துக்கு மிஞ்சிய ஒரே வாகனம்.

ஹாலில் வக்கீல் காபியை ஊதி ஊதிக் குடித்தார்.

“ரொம்பச் சுலபம். கோடவுன் தம்பி பேர்ல இருக்கு. மத்தியானம் கோர்ட்ல தம்பி ஏறி நின்னு, ‘எல்லாம் என் வேலை, அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். முன்னாடி எந்தக் கேஸும் இல்லாத ஆளு. சின்னதா ஏதாவது கொடுப்பாங்க. முதலாளி வெளியே வந்துட்டா, தம்பியை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“சின்னதான்னா எவ்வளவு?” என்று கேட்டாள் டீச்சர்.

வக்கீல் கோப்பைக்குள் எதையோ தேடினார். “அது... ஜட்ஜைப் பொறுத்தது.”

“எட்டு வருஷமா, பத்து வருஷமா?”

“இதெல்லாம் பொம்பளைங்க பேசற விஷயம் இல்லம்மா.”

“நீங்க குடிக்கிற காபியைப் போட்டதும் ஒரு பொம்பளைதான். அதை மட்டும் நல்லாக் குடிக்கிறீங்க. பதில் சொல்லுங்க.”

“விடு” என்றான் அவள் கணவன். வீட்டில் எல்லோருக்கும் அவன் தம்பி. கடைக்கு வருபவர்களுக்கும் தம்பிதான். எந்த நிறம் எடுப்பது என்று தெரியாமல் திண்டாடும் புதுமணத் தம்பதிகளோடு அரை நாள் உட்கார்ந்து பேசுவான். யாராவது ஓடி வந்தால் லிஃப்ட் கதவைக் கையால் தடுத்து, தன் விரலை நசுக்கிக்கொள்ளும் ரகம். “அண்ணன் இல்லேன்னா நான் ஏது? எட்டோ பத்தோ, நான் போறேன்.”

“மூத்தவன்தான் இந்தக் குடும்பத்துக்குத் தூண்” என்று மாமியார் மூக்கை உறிஞ்சினாள். “தூணைக் காப்பாத்துடா, தங்கம்.”

“அப்போ இவர் யாரு அத்தை? சுவத்துல மாட்டின படமா?”

டீச்சரின் பார்வை சோபாவின் மறு கோடிக்குப் போனது. அங்கே உட்கார்ந்திருந்தாள் அண்ணி, முதலாளியின் மனைவி. காவலாளி முதல் கணக்குப்பிள்ளை வரை எல்லோருக்கும் அவள் அண்ணிதான். ஒரே மகன் வெளிநாட்டில் படிக்கிறான். அதிகாரிகள் நகையை எல்லாம் எடுத்துக்கொண்டு போனதில் கைகள் மொட்டையாக மடியில் கிடந்தன. எட்டு வருடங்கள் ஒரே வீட்டில் இருந்தும் இந்த ஓரகத்தியோடு டீச்சர் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியதில்லை. கழுத்து நிறைய நகை, வாய் நிறைய மௌனம் என்று தோழிகளிடம் கேலி செய்திருக்கிறாள். இப்போதும் அந்த மௌனத்தைப் பார்த்துப் பற்றிக்கொண்டு வந்தது. பேசுவாளா? புருஷன் வெளியே வந்தால் போதும், கொழுந்தன் எக்கேடு கெட்டால் என்ன!

அண்ணி எழுந்தாள்.

“நான் அவரை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன். அதுக்கப்புறம் கோர்ட்டுக்குப் போகலாம்” என்றாள். பிறகு டீச்சரிடம், “உன் வண்டியில கூட்டிட்டுப் போறியாம்மா?”

*

பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டக் கற்பவள் பதறினால் டீச்சர் மிதிப்பதற்காக.

“கால்கிட்ட இருக்கிறதை மிதிச்சிடாதீங்க அக்கா. வண்டி நின்னுடும்.”

“நின்னா நிக்கட்டுமே. இவ்வளவு நாள் ஓடினது போதாதா?” என்றாள் அண்ணி.

அது நகைச்சுவையா, வருத்தமா என்று டீச்சருக்குப் பிடிபடவில்லை. சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து ஒருவன் அண்ணியை அடையாளம் கண்டு, மற்றவனை முழங்கையால் இடித்தான். அண்ணி கண்ணாடியை ஏற்றவில்லை. முகத்தையும் திருப்பவில்லை.

“உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?”

“அவங்க பார்க்கட்டும். நாம மறைக்கிறதுக்கு இனிமே என்ன இருக்கு?” கொஞ்ச தூரம் போன பிறகு அவளாகவே ஆரம்பித்தாள். “நான் கல்யாணமாகி வந்தப்போ உன் புருஷனுக்கு ஆறு வயசு. அத்தைக்கு மில்லுல ராத்திரி ஷிஃப்ட். இவன் என்னைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டான். ரெண்டு நாள் வரவே இல்லை. வேளா வேளைக்குத் தட்டை உள்ளே தள்ளிவிடுவேன். காலித் தட்டு வெளியே வரும். மூணாம் நாள் தட்டோட அவனும் வந்தான்.”

“இதை அவர் சொன்னதே இல்லையே.”

“வெட்கமா இருக்கும். ‘இன்னும் கொஞ்சம் போடு’ன்னு கேட்கத்தான் வெளியே வந்தான்.”

டீச்சர் சிரித்துவிட்டாள். சிரித்ததும் கோபம் வந்தது. இவ்வளவு பாசம் வைத்திருப்பவள் காலையில் வக்கீல் முன்னால் ஏன் ஊமையாக உட்கார்ந்திருந்தாள்? கேட்க வாயெடுத்தாள். அதற்குள் சிறைச்சாலையின் நீண்ட மதில் வந்துவிட்டது.

*

பார்வையாளர் அறையின் நடுவில் இரண்டு அடுக்குக் கம்பி வலை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். முதலாளி வந்தபோது மட்டும் ஒரு காவலர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அந்த வரைக்கும் செல்வாக்கு பாக்கி இருந்தது. ஆனால் தாடி முளைத்திருந்தது. ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பாதியில் விட்ட பல்.

“தம்பி ரெடியா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

“பல் வலி எப்படி இருக்கு?” என்றாள் அண்ணி.

“அது கிடக்கட்டும். அவன் ரெடியா?”

“ரெடிதான். காலையிலேயே சட்டையை இஸ்திரி போட்டு வச்சுட்டான்.”

“எனக்குத் தெரியும். அவன் மாட்டேன்னு சொல்லமாட்டான்.”

அண்ணி வலைக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்தாள். பின்னால் நின்ற டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டாள்.

“ஒண்ணு கேட்கணும். நாலு வருஷத்துக்கு முன்னாடி அந்தக் கோடவுனைத் தம்பி பேருக்கு மாத்தினீங்க. கடையை நல்லாப் பார்த்துக்கிறான், பரிசுன்னு சொன்னீங்க. அவன் அன்னிக்கு ராத்திரி பூரா சந்தோஷத்துல தூங்கலை. அது பரிசாத்தான் கொடுத்தீங்களா? இல்லே, இப்படி ஒரு நாள் வந்தா உதவும்னா?”

முதலாளி வீங்காத கன்னத்தால் சிரித்தார்.

“வியாபாரம்னா நாலையும் யோசிச்சு வைக்கணும். என்ன புதுசாக் கேள்வியெல்லாம் கேட்கிறே? உன் கழுத்துல தொங்கினது எல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு என்னிக்காவது கேட்டியா?”

“கேட்டிருக்கணும்” என்றாள் அண்ணி.

இரைச்சலுக்கு நடுவே அந்த ஒரு வார்த்தை டீச்சருக்குத் தெளிவாகக் கேட்டது. முதலாளியும் கேட்டிருப்பார். சிரிப்பு பாதியில் நின்றது.

“இதோ பாரு, அவனை எனக்குத் தெரியும். உள்ளே போனாலும் என்னைத்தான் கும்பிடுவான்.”

“எனக்கும் தெரியும். வளர்த்தவ நான்.” புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். “வரேன்.”

“கோர்ட்டுக்கு நேரத்தோட வரச் சொல்லு!” என்று பின்னால் குரல் வந்தது. அவள் திரும்பவில்லை.

*

வண்டி பிரதான சாலையில் ஏறியது. கோர்ட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். டீச்சர் இண்டிகேட்டரைப் போட்ட நேரம், கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரனோடு நாலு நல்ல வார்த்தையும் சேர்த்து அனுப்பினார்.

அண்ணியின் கால் பிரேக்கின் மேல் இருந்தது.

“கோர்ட்டுக்கு அப்புறம் போகலாம். போதைத் தடுப்பு ஆபீஸ் எங்கே இருக்கு, தெரியுமா?”

டீச்சர் வண்டியை ஓரங்கட்டினாள். “எதுக்கு அக்கா?”

“மாடியில விருந்தாளி பாத்ரூம் இருக்கே. நம்ம வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்து தங்கியிருக்காங்க? அந்த ஒரு ரூமுக்கு மட்டும் வருஷத்துக்கு ரெண்டு தடவை தரை மாத்துவாங்க. கேட்டா, டிசைன் பழசாயிடுச்சும்பார். டைல்ஸ் விக்கிற வீடுதானேன்னு நானும் விட்டுட்டேன். ஒருநாள் வாளி கை தவறி விழுந்துச்சு. தரை டம்முன்னு பீப்பா மாதிரி சத்தம் போட்டுச்சு. அப்போ புரிஞ்சுது.”

“எப்போ?”

“ஒரு வருஷம் இருக்கும். புரிஞ்சும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்.” அதைச் சொல்லும்போது அண்ணி கண்ணைத் தாழ்த்தவில்லை. தனக்கு எந்தச் சலுகையும் கேட்காத குரல்.

“போலீஸ் வந்து வீட்டையே புரட்டிப் போட்டாங்களே!”

“பீரோவைக் கவுத்தாங்க. மெத்தையைக் கிழிச்சாங்க. தரையை யார் பார்த்தா? கோடவுன் தம்பியோடதுன்னு சொல்லலாம். வீடு அவர் பேர்லயும் என் பேர்லயும் இருக்கு, அதோட மாடியைத் தம்பியோடதுன்னு சொல்ல முடியாது. அந்த ரூமுக்குள்ள அவன் கால் வச்சதுகூட இல்லை.”

காலையிலிருந்து இப்படி ஒரு வழி பிறக்காதா என்று தவித்தவள்தான் டீச்சர். பிறந்ததும் அவளே தயங்கினாள்.

“அக்கா, யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அவர் உங்க புருஷன்.”

“தம்பி உன் புருஷன். அவன் வேணாமா உனக்கு?”

எட்டு வருடங்களாகப் பக்கத்து அறையில் இருந்தவளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் டீச்சர் பார்த்தாள். நெற்றியோரத்தில் நரை இருந்தது. கண்ணில் தயக்கம் இல்லை.

கியரை மாற்றி, வண்டியை இடது பக்கம் திருப்பினாள்.

*

அந்த அலுவலகத்தின் நடைபாதையில் ஒரு நீளப் பெஞ்சு. அதில் ஒரு அப்பா, வளர்ந்த தன் மகளுக்கு ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் விரல்கள் அவள் சொன்னபடி கேட்கவில்லை. வெயில் கொளுத்தும் நேரத்தில் அவளுக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. ஒரு பொத்தான் மாறிப்போய்விட, அவர் எல்லாவற்றையும் கழற்றி, பொறுமையாக முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அண்ணி அங்கேயே நின்றுவிட்டாள். அவள் உதடு ஏதோ சொல்ல அசைந்தது. சொல்வதற்கு என்ன இருக்கிறது? வேகமாக உள்ளே நடந்தாள்.

ஜலதோஷத்தால் மூக்குச் சிவந்திருந்த அதிகாரி கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அண்ணி சொல்லச் சொல்ல அவருக்குத் தும்மலே நின்றுபோயிற்று.

“அம்மா, ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. வீடு உங்க பேர்லயும் இருக்கு. உங்களையும் விசாரிப்போம். தெரிஞ்சும் ஏன் சொல்லலைன்னு கேட்போம். நீங்களே உள்ளே போகவும் வாய்ப்பிருக்கு.”

“கேளுங்க. பதில் சொல்றேன். இப்போ கிளம்பலாமா? மத்தியானத்துக்குள்ள நான் கோர்ட்டுல இருக்கணும்.”

ஒரு அதிகாரியை இப்படி அவசரப்படுத்திய குற்றவாளி வீட்டுப் பெண்ணை அந்தக் கட்டடம் அதற்கு முன் பார்த்திருக்காது.

கிளம்பும் முன் அண்ணி தம்பிக்குப் போன் போட்டாள். “நான் வர்ற வரைக்கும் ஜட்ஜ் முன்னாடி வாயைத் திறக்காதே. எதுக்குன்னு கேட்காதே. திறக்காதே.” அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

*

முதல் சுத்தியல் அடி விழுந்ததும் மாமியார் மாடிப்படிக்கு அடியில் வந்து நின்றாள். இரண்டாவது அடிக்குள் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“அடிப்பாவி! என் பிள்ளை கழுத்துல கத்தி வச்சுட்டியேடி! உன்னை ராணி மாதிரி வச்சிருந்தானே!”

“வச்சிருந்தார் அத்தை. நானும் இருந்தேன்.”

“இந்த வயசுல நான் எவன் முகத்துல முழிக்கிறது? மூத்தவன் போயிட்டா எனக்கு யார் இருக்கா?”

அண்ணி படியிறங்கி வந்தாள். மாமியாரைத் தொடப் போன கையை, அவள் தட்டிவிடுவாள் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டாள்.

“உங்களுக்கு ரெண்டு பிள்ளை அத்தை. அதுல ஒண்ணு எனக்கும் பிள்ளை. நீங்க மூத்தவரைப் பார்த்தீங்க. நான் சின்னவனைப் பார்த்தேன்.”

மாமியார் தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கத்தல் நின்றதுதான் டீச்சருக்கு அதிகமாக வலித்தது.

மாடியில் டைல்ஸ் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. அடியில் இரும்பு மூடி. மூடியைத் தூக்கியதும் செங்கல் அடுக்கியதுபோல் பொட்டலங்கள், வரிசை பிசகாமல். அதிகாரி மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தார். கோடவுனில் பிடிபட்டதெல்லாம் இதன் பக்கத்தில் சுண்டைக்காய்.

அண்ணி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கடைசிவரை பார்த்தாள். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை.

*

கோர்ட் வராந்தாவில் தம்பி இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றான். கையில் ஒரு சின்னப் பை. உள்ளே துண்டு, பல் துலக்கும் பிரஷ், மாற்று உடை. பிரயாணம் போகிறவன் மாதிரி. அந்தப் பையைப் பார்த்ததும் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணி நடந்ததைச் சொன்னாள். நேராக, பூசி மெழுகாமல். தம்பியின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

“யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க? நான் போறேன்னு சொன்னேன்ல? அண்ணனுக்காக ஒண்ணே ஒண்ணு செய்யக் கிடைச்சுது. அதையும் கெடுத்துட்டீங்க!”

“கெடுத்துட்டேன்.”

“அவர் எனக்கு அப்பா மாதிரி, அண்ணி!”

“நான்?”

அதற்குள் டவாலி கூப்பிட்டுவிட்டார். வக்கீலுக்கும் போனில் சேதி வந்திருக்க வேண்டும். கறுப்பு அங்கியில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தவர், தம்பியின் காதில், “ஒண்ணும் மாறலை, நான் சொன்னபடியே சொல்லுங்க” என்று அழுத்தினார்.

முதலாளியை எதிர்ப்பக்கம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அண்ணனும் தம்பியும் கைப்பிடிச் சட்டத்துக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அண்ணன் லேசாகத் தலையை ஆட்டினார், ‘சொல்லு’ என்பதுபோல். சின்ன வயதில் சைக்கிளைப் பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டு ‘மிதி’ என்று ஆட்டிய அதே தலை.

மாஜிஸ்திரேட் ஒரு முறை கேட்டார். மறுபடி கேட்டார். “கோடவுன் உங்களுடையதுதானே?”

தம்பி அண்ணனைப் பார்த்தான். பிறகு கடைசி வரிசையில் நின்ற அண்ணியைப் பார்த்தான். அவள் எந்தச் சைகையும் செய்யவில்லை. இது அவனே முடிவெடுக்க வேண்டியது என்று விட்டுவிட்டவள்போல் கைகட்டி நின்றாள்.

“என் பேர்ல இருக்குங்க ஐயா.” குரல் உடைந்தது. “ஆனா அதோட சாவி ஒரு நாள்கூட என் கையில இருந்ததில்லை.”

அதிகாரி எழுந்து மாடியில் கண்டெடுத்ததைச் சொன்னார். முதலாளியின் ஜாமீன் மனு தள்ளுபடியானது. கூப்பிடும்போதெல்லாம் விசாரணைக்கு வர வேண்டும் என்று சொல்லித் தம்பியை அனுப்பினார்கள். அண்ணியும் மறுநாள் காலையில் வர வேண்டும்.

வெளியே தம்பி படிக்கட்டில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். டீச்சர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பையை வாங்கிக்கொண்டாள்.

“அண்ணன் முகத்தைப் பார்த்தீங்களா அண்ணி?”

“பார்த்தேன். இருபத்தேழு வருஷமாப் பார்த்துட்டுத்தான் இருந்தேன். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

அவன் அவளை மன்னித்தானா என்று தெரியவில்லை. “அம்மா தனியா இருப்பாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து பஸ் நிறுத்தம் நோக்கி நடந்தான். அண்ணி அவனைத் தடுக்கவில்லை.

“போகட்டும். இன்னிக்கு அத்தை பக்கத்துல இருக்க அவனாலதான் முடியும்” என்றாள்.

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு வருடங்களில் முதல் தடவை. “அக்கா, உங்களைப் பத்தி நான் என்னென்னவோ பேசியிருக்கேன்.”

“தெரியும். சமையலறைக் கதவு அவ்வளவு கெட்டியானது இல்லை” என்று அண்ணி சிரித்தாள்.

அப்போது அவள் கைப்பையில் போன் அடித்தது. வெளிநாட்டில் படிக்கும் அவள் மகன்.

“அம்மா, நான் நம்ம ஊர் ஏர்போர்ட்ல இறங்கிட்டேன்.”

“யார்டா உன்னை வரச் சொன்னது?”

“வக்கீல் அங்கிள் நேத்தே டிக்கெட் அனுப்பிட்டார். சித்தப்பா கடைசி நேரத்துல மாறிட்டா நான் தேவைப்படுவேனாம். வீட்டுல எது கிடைச்சாலும் என்னோடதுன்னு சொல்லணுமாம். அப்பாவைக் காப்பாத்த வேற வழியே இல்லைன்னு சொல்றார். என்னைக் கூட்டிட்டுப் போக இப்போ வந்துட்டு இருக்காராம்.”

அண்ணியின் முகத்திலிருந்து நிறமெல்லாம் வடிந்தது. டீச்சர் அவள் தோளைப் பிடித்தாள். கோர்ட் வாசலில் வக்கீலின் பெரிய கார் புழுதி பறக்க வெளியேறிக்கொண்டிருந்தது.

ஒரு மூச்சு. அவ்வளவுதான் அவள் எடுத்துக்கொண்ட அவகாசம்.

“யார் வந்து கூப்பிட்டாலும் ஏறாதே. அங்கேயே ஒரு காபி வாங்கிக் குடி. அம்மா வரேன்” என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு சின்னக் காரை நோக்கி ஓடத் தொடங்கினாள். நாற்பத்தாறு வயதில், புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு.

“ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“நான் சொல்லிக்கொடுக்கிற வேகத்துல போனா ஒரு மணி நேரம் அக்கா.”

“சொல்லிக்கொடுக்காத வேகத்துல?”

டீச்சர் சாவியைத் திருகினாள்.

“பெல்ட்டைப் போடுங்க.”